பச்சோந்தியின் நடத்தையும் வீட்டாரின் நலமும்

நாய், பூனை, கிளி, வண்ணமீன் என்ற அளவில் நின்றிருந்த வீட்டுப் பிராணிகளின் வரிசையில் அண்மைக் காலமாக ஊர்வனவும் இடம்பெற்று வருகின்றன. ஏமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளுக்குரிய 'வெய்ல்டு' பச்சோந்தியும், மடகாஸ்கர் தீவுக்குரிய 'பேந்தர்' பச்சோந்தியும் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் வலைக்கூண்டுகளுக்குள் வளர்கின்றன. பெரும்பாலும் அவை வீட்டுப் பிள்ளைகளின் விருப்பத்திற்காக வாங்கப்பட்டவை.

நோயாளியின் வரலாற்றைக் கேட்டறியும்போது, "வீட்டில் வளர்ப்புப் பிராணி ஏதேனும் உண்டா?" என்பதும் நாங்கள் கேட்கும் வினாக்களுள் ஒன்று. விடை 'பச்சோந்தி' என்று அமையும்போது, பெற்றோரிடமிருந்து இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. "சில நாட்களாக அது கறுத்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது, அதன் நோய் எங்களுக்கும் ஒட்டுமா?" என்பது முதலாவது. "வீட்டில் நோயாளி இருக்கும்போது அதை வைத்திருக்கலாமா?" என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஓர் உண்மையைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். பச்சோந்தியின் நடத்தையில் தோன்றும் மாற்றம் அதன் உடல்நிலையைக் காட்டும். நமக்கு அதனால் தீங்கு உண்டா இல்லையா என்பதைக் காட்டாது. நன்கு உண்டு, பசுமையாக விளங்கும் பச்சோந்தியின் குடலிலும் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் வாழக்கூடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இயல்பான நடத்தை எது?

பச்சோந்தி தனிமையை விரும்பும் உயிரினம். நாயைப் போல உறவாடுவதற்கு ஏற்ற இயல்பு அதற்கில்லை. கையில் எடுப்பதை அது பொறுத்துக்கொள்ளுமேயன்றி, அதனால் மகிழ்வதில்லை. புதிதாக வாங்கியவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும் பல செயல்கள் அதற்கு முற்றிலும் இயல்பானவை.

முன்னும் பின்னுமாக அசைந்தாடியபடி நடத்தல் அவற்றுள் ஒன்று. காற்றில் ஆடும் இலையைப் போலத் தோற்றமளித்துப் பகைவரின் கண்ணுக்குத் தப்புவதற்கான உத்தி இது, நரம்பு நோயன்று. இரு கண்களையும் வெவ்வேறு திசைகளில் சுழற்றுதலும் அதன் பிறவி இயல்பே. சில வேளைகளில் கண்ணைப் புடைக்கச் செய்து சுழற்றிக் கிளையில் தேய்ப்பதும் உண்டு. தூசியை அகற்றும் இச்செயல் சிறிது நேரத்தில் நின்றுவிடுமாயின் கவலை வேண்டா. தோல் வெண்மையாகிச் செதில் செதிலாக உரியும்போது கிளைகளில் உடலை உரசிக்கொள்வதும் அவ்வாறே.

இரவில் உடல் வெளிறிக் கண்களை மூடி அசையாமல் இருப்பது உறக்கம். நம்மை நெருங்கவிட்டு, உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கிச் சீறுவது அச்சத்தின் வெளிப்பாடு. 'என் மீது இதற்கு ஏன் கோபம்?' என்று குழந்தை வருந்துமானால், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய உருவம் ஒன்று அருகில் வருவதால் அது அஞ்சுகிறது என்று எடுத்துக்கூறுங்கள். கூண்டின் அருகே கண்ணாடி இருந்தாலும் தன் நிழலுருவை வேறொரு பச்சோந்தியெனக் கருதி ஓயாது சீறும். கண்ணாடியை அகற்றினால் அமைதியடையும்.

நிறம் உணர்த்துவது என்ன?

இருக்கும் இடத்திற்கேற்ப நிறம் மாறுவது பச்சோந்தி என்பது நம்மிடையே ஊறிப்போன கருத்து. நிலையில்லாத மனிதரைக் குறிக்க அதன் பெயரையே வசைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். உண்மையில் அதன் நிறமாற்றம் பெரும்பாலும் உடல் வெப்பத்தைச் சீராக்கவும், தன் இனத்தோடு செய்தி பரிமாறவும் நிகழ்வதாகும். இயல்பான பச்சை நிறம் இலைகளுக்கிடையே மறைந்துகொள்ள உதவுகிறது. ஆயினும் சிவப்புத் துணியின்மீது வைத்தால் அது சிவந்துவிடுவதில்லை.

2015ஆம் ஆண்டில் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இதன் நுட்பத்தை விளக்கினர். தோலிலுள்ள சில உயிரணுக்களில் குவானைன் என்ற பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. பிராணி அமைதியாக இருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியை எதிரொளிக்கின்றன. அந்நீலம் தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. வளர்ந்த ஆண் பச்சோந்தி மற்றோர் ஆணையோ பெண்ணையோ கண்டு கிளர்ச்சியுறும்போது படிகங்களின் இடைவெளி விரிகிறது. அப்போது மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன.

காலையில் வெப்ப விளக்கின் அடியில் உடலைக் கறுக்கச் செய்து அமர்வது வெப்பத்தை விரைவில் ஈர்த்துக்கொள்வதற்காக. சிறிது நேரத்தில் நிறம் தெளிந்துவிடும். அவ்வாறன்றி நாள் முழுவதும் கறுத்தோ மங்கியோ இருக்குமாயின் குளிர், அச்சம், வலி, நோய் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். ஒரு முறை தென்படும் நிறத்தைக் காட்டிலும், அந்நிறம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே பொருளுடையது. காய்ச்சலின் ஓர் அளவைவிட நாள்முழுதும் குறித்த அட்டவணையை மருத்துவர் நாடுவதற்கும் இதுவே காரணம்.

புறக்கணிக்கக் கூடாத அறிகுறிகள்

காட்டில் வாழும் சிற்றுயிர்கள் தம் நோயை வெளிக்காட்டினால் எளிதில் இரையாகிவிடும். அதனால் பச்சோந்தியும் இயன்றவரை நோயை மறைக்கும். நம் கண்ணுக்கு மாற்றம் புலப்படும் வேளையில் நோய் முற்றியிருத்தல் கூடும். பின்வருவனவற்றைக் கண்டால் ஊர்வனவற்றைக் கவனிக்கும் பயிற்சியுடைய கால்நடை மருத்துவரைக் காலந்தாழ்த்தாது அணுக வேண்டும்.

பகலில் கண்களை மூடியிருத்தல்: இது மிக முக்கியமான அறிகுறி. நீரிழப்பு, கண்ணில் தொற்று, வைட்டமின் ஏ குறைபாடு, உட்புற நோய் எனக் காரணங்கள் பல. கண்கள் குழிவிழுந்திருந்தால் நீரிழப்பை முதலில் நினைக்க வேண்டும்.

கழிவின் நிறம்: மலத்தோடு வெளிவரும் திண்மையான சிறுநீர்க் கழிவு வெண்மையாக இருத்தல் இயல்பு. அது அடர்மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினால் நீர் போதவில்லை என்பது பொருள். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் குடிநீராக அறிவதில்லை. இலைகளில் தெளித்த நீர்த்துளிகளையே நக்கிக் குடிக்கும். கிண்ணம் நிறைய நீர் இருந்தும் பிராணி வறண்டுபோவது இதனாலேயே.

வாயைத் திறந்து மூச்சு விடுதல்: வெப்பம் மிகுந்தால் வாயைத் திறந்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும். குளிர்ந்த இடத்திலும் வாய் திறந்தபடி, தலையை மேல்நோக்கி உயர்த்தி, ஒலியெழுப்பி மூச்சு விடுமாயின், வாயில் சளி தென்படுமாயின், நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

பிடி தளர்தல்: கிளையைப் பற்ற இயலாமை, கால்கள் வளைதல், நடுக்கம், நாவை இரையின்மீது எறிய முடியாமை ஆகியவை எலும்பும் தசையும் நலிவுற்றதன் அடையாளங்கள்.

தரையில் கிடத்தல்: மரக்கிளையில் வாழும் உயிர் கூண்டின் அடித்தளத்தில் சோர்ந்து கிடப்பது அபாய நிலை. விதிவிலக்கு ஒன்றுண்டு. பெண் பச்சோந்தி அடித்தளத்தில் அமைதியின்றி அலைந்து மண்ணைப் பறிக்க முயலுமானால், அது முட்டையிட இடம் தேடுகிறது. வெய்ல்டு இனத்தில் ஆணுடன் சேராமலே பெண் முட்டையிடுவதுண்டு. ஈர மணல் நிறைந்த ஆழமான பாத்திரம் ஒன்றை வைத்து, கூண்டை மறைத்துத் தனிமை தர வேண்டும். இடமின்றி முட்டைகளை உள்ளேயே தேக்கிவைக்கும் நிலை ஏற்பட்டால் உயிர் போகும்.

வெயிலும் கால்சியமும்

மேற்கூறிய எலும்பு நலிவு, நம் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோய்க்கு நெருங்கிய உறவினது. சூரிய ஒளியிலுள்ள பி வகைப் புறஊதாக் கதிர்கள் தோலில் வைட்டமின் டி உருவாகத் துணைபுரிகின்றன. வைட்டமின் டி இல்லையேல் குடல் போதிய கால்சியத்தை உறிஞ்சாது. குருதியில் கால்சியம் குறையும்போது உடல் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. எலும்பு மென்மையாகி வளைகிறது. இந்நிகழ்வு மனிதருக்கும் பச்சோந்திக்கும் பொதுவானது.

சன்னலோரம் நன்றாக வெயில் விழுகிறதே என்று பலர் எண்ணுவர். சன்னல் கண்ணாடி அக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடி வழியே வரும் வெயில் பச்சோந்திக்கும் பயன்படாது, அதனருகே கிடத்தப்பட்ட கைக்குழந்தைக்கும் வைட்டமின் டி தாராது. பச்சோந்திக்கு உரிய புறஊதா விளக்கும், உணவுப் பூச்சிகளின்மீது தூவும் கால்சியப் பொடியும் இன்றியமையாதவை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் குழந்தைக்கென வாங்கிய வைட்டமின் டி சொட்டு மருந்து, கால்சியம் சிரப், எஞ்சிய ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றைப் பிராணிக்குக் கொடுக்க வேண்டா. அதன் எடை கிராம் கணக்கிலானது. நமக்கு ஒரு துளியாகத் தோன்றுவது அதற்குப் பன்மடங்கு மிகையாகிவிடும். வைட்டமின் டி மிகுந்தால் சிறுநீரகம் முதலான உறுப்புகளில் கால்சியம் படிந்து தீங்கு செய்யும்.

வீட்டாருக்கு வரக்கூடிய தொற்று

பச்சோந்தி, ஆமை, பல்லி, பாம்பு முதலிய ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா இயல்பாக வாழ்கிறது. அவற்றிற்கு அது பெரும்பாலும் எந்நோயும் தருவதில்லை. கழிவின் வழியே வெளிவந்து தோல், கூண்டு, கிளை, பாத்திரம் எங்கும் பரவுகிறது. எப்போதும் வெளிப்படாமல் விட்டுவிட்டு வெளிப்படுவதால், ஒரு முறை செய்த மலப் பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்தாலும் அதை நம்பியிருக்க இயலாது. ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பிராணியைத் தூய்மையாக்கவும் முடியாது. மாறாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றவே அது வழிவகுக்கும்.

சால்மொனெல்லா என்றதும் டைபாய்டு நினைவுக்கு வருவது இயற்கை. டைபாய்டு தரும் வகை மனிதரிடம் மட்டுமே வாழ்வது; பச்சோந்தியிடமிருந்து வருவதன்று. ஊர்வனவற்றிடமிருந்து பரவும் வகைகள் பொதுவாக வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவற்றைத் தருகின்றன. கிருமி உட்சென்ற 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் அறிகுறிகள் தொடங்கும். 4 முதல் 7 நாட்களில் பெரும்பாலோர் குணமடைவர்.

ஆயினும் சிலரிடத்தில் கிருமி குருதியில் கலந்து, மூளையுறை, எலும்பு, மூட்டு ஆகியவற்றைத் தாக்கும். அமெரிக்காவில் சிறுவர்கள் வளர்த்த குட்டி ஆமைகளால் இத்தொற்று பரவியதன் காரணமாக, 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்க 1975இல் தடை விதிக்கப்பட்டது. சிறு குழந்தைகள் அவற்றை வாயில் வைத்ததும் அத்தடைக்கு ஒரு காரணம். பிராணியைத் தொடாத கைக்குழந்தைக்கும் தொற்று வரலாம். பிராணியைத் தொட்ட பெரியவரின் கையும் உடையும் போதும்.

யாருடைய வீட்டில் தவிர்க்க வேண்டும்?

5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்த முதியோர், கருவுற்ற தாய்மார், புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொள்வோர், எச்.ஐ.வி. தொற்றுடையோர், சிக்கிள் செல் குருதிநோய் உடையோர் ஆகியோருக்கு இத்தொற்று கடுமையாகலாம். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்வோரும் கவனமாக இருத்தல் வேண்டும். அமிலம் கிருமிகளைக் கொல்லும் முதல் அரண். அவ்வரண் தாழும்போது கிருமி எளிதில் குடலை அடைகிறது.

இத்தகையோர் உள்ள வீட்டில் ஊர்வனவற்றைப் புதிதாக வாங்க வேண்டா என்பதே எங்கள் அறிவுரை. முன்னரே இருப்பின், கீமோதெரபியோ உறுப்பு மாற்று அறுவையோ தொடங்குமுன் அதை வேறு பொறுப்பான இல்லத்தில் சேர்ப்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் இதை முடிவு செய்வது கடினம். "வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டு குத்துகிறது குடைகிறது என்பானேன்" என்ற பழமொழி, வாங்குமுன் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. வாங்கிய பின்னரோ, அவ்வுயிருக்கும் நாம் பொறுப்பாளிகள். தோட்டத்திலோ தோப்பிலோ விட்டுவிடுவது தீர்வன்று. அவ்வாறு வெளியேறிய வெய்ல்டு பச்சோந்திகள் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஹவாயிலும் வேரூன்றிவிட்டன.

பிள்ளையிடமிருந்து பிராணியைப் பிரிக்க நேரும்போது, "உன் பச்சோந்தியால் பாட்டிக்கு நோய் வந்தது" என்று கூறாதீர்கள். வீட்டார் ஒருவர் நோயுற்றிருக்கையில் பிள்ளை ஏற்கெனவே கலங்கியிருக்கும். பழியையும் அதன்மேல் சுமத்த வேண்டா. "பாட்டியின் உடல் இப்போது கிருமிகளை எதிர்க்கும் நிலையில் இல்லை, அதனால் இதை வேறு வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம்" என்பது உண்மையும் ஆகும், ஆறுதலும் ஆகும்.

வளர்ப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பிராணியையோ கூண்டையோ உணவுப் பூச்சிகளையோ தொட்டபின் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு குறைந்தது 20 வினாடிகள் கைகழுவுங்கள். சிறுவர் கழுவுவதைப் பெரியவர் உடனிருந்து பார்த்தல் நன்று.

2. சமையலறையில் பிராணியை விடாதீர்கள். கூண்டையும் பாத்திரங்களையும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலோ குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்திலோ கழுவாதீர்கள். வீட்டிற்கு வெளியே கழுவுதல் சிறந்தது.

3. முத்தமிடுதல், முகத்தருகே வைத்துக்கொள்ளுதல், அதைத் தொட்டபடி உண்ணுதல் ஆகியவற்றைத் தவிருங்கள்.

4. கொசுவர்த்திப் புகை, பூச்சிமருந்துத் தெளிப்பு ஆகியவை கூண்டினருகே வேண்டா. வீட்டில் பிடித்த கரப்பான்பூச்சியையும் ஊட்டாதீர்கள். அது மருந்துண்ட பூச்சியாக இருக்கலாம்.

கடித்துவிட்டால்

பச்சோந்திக்கு நஞ்சில்லை. கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ரேபிஸ் எனும் வெறிநோய் பாலூட்டிகளுக்கே உரியது. ஆகவே பச்சோந்தி, ஓணான், பல்லி ஆகியவை கடித்தால் ரேபிஸ் தடுப்பூசி தேவையில்லை. நாய், பூனை, குரங்கு கடித்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

உடல்நலம் உடைய பெரியவருக்கு வரும் எளிய வயிற்றுப்போக்கிற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஓய்வுமே பெரும்பாலும் போதுமானவை. கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்பதால் நன்மை இல்லை. கிருமி குடலில் தங்கும் காலம் அதனால் நீளவும் கூடும். ஆனால் மலத்தில் குருதி, தணியாத கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஓயாத வாந்தி, மயக்கம், கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள். கைக்குழந்தைக்கும், மேலே குறிப்பிட்ட நோயாளிகளுக்கும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தோன்றினால் காத்திராமல் அன்றே வாருங்கள்.

வரும்போது, வீட்டில் ஊர்வன ஒன்று இருப்பதைத் தயங்காது கூறுங்கள். மலம், குருதி ஆகியவற்றைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதா, எம்மருந்தைத் தொடங்குவதா என்பதை அவ்வொரு செய்தி மாற்றக்கூடும். நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெய்ல்டு, பேந்தர் முதலிய அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யவில்லையே என்று அஞ்சி மருத்துவரிடம் மறைப்போரும் இருக்கலாம். நாங்கள் கேட்பது நோயாளியின் சிகிச்சைக்காக மட்டுமே.

பச்சோந்தி கறுத்தால் அதன் நலனுக்காகக் கால்நடை மருத்துவரை நாடுங்கள். அது பசுமையாகச் சிறந்து விளங்கும் நாளிலும் உங்கள் நலனுக்காகக் கைகழுவுங்கள்.